சீன மலைநீர் ஓவியர்கள், யார் கை எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலை, மூடுபனி, ஒரு சின்ன மண்டபம், ஒரு படகு. நாலைந்து படம் பார்ப்பதற்குள் மலைநீர் ஓவியம் எனப்படும் சீன நிலக்காட்சி ஓவியங்கள் எல்லாமே ஒன்றுபோலத் தோன்றிவிடுகின்றன என்று பலர் சொல்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வாழ்ந்த சில ஓவியர்களை அருகருகே வைத்துப் பார்ப்பதற்கான கேள்விகளும் பதில்களும் இங்கே. சில இடங்களில் என் விருப்பு வெறுப்பும் தெரியும்.

எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே, எதைப் பார்த்துப் பிரிப்பது?

பாறையைப் பாருங்கள். மரம், வீடு, ஆள் எல்லாம் அப்புறம். ஓவியர் முதலில் மலைக்கு வெளிக்கோடு போடுகிறார். பிறகு அந்தக் கோட்டுக்குள் பாறையின் மேற்பரப்பைக் காட்ட நூற்றுக்கணக்கில் சிறு தீற்றல்கள் இடுகிறார். இந்தத் தீற்றலைச் சீனர்கள் ‘சுன்’ என்கிறார்கள். ஒரு பக்கமிருந்து விழும் வெளிச்சத்தையும் நிழலையும் வைத்து உருவத்தைத் திரட்டும் ஐரோப்பிய வழக்கம் இங்கே கிடையாது. மலையின் கனம், ஈரம், வறட்சி, வயது எல்லாமே இந்தத் தீற்றலிலிருந்துதான் வர வேண்டும். அதனால் கையெழுத்து மாதிரி அது ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பாறை பிடிபட்டதும் வெற்றிடத்தைப் பாருங்கள். எதுவும் வரையாமல் விட்ட பட்டோ தாளோ படத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது? கடைசியாக மனிதர்கள். இருக்கிறார்களா, இருந்தால் வேலை செய்கிறார்களா, சும்மா உட்கார்ந்து பார்க்கிறார்களா? இந்த மூன்றையும் பார்த்தாலே முக்கால்வாசி ஓவியர்களைப் பிரித்துவிடலாம்.

தீற்றல் வகைகள் என்னென்ன?

மழைத்துளித் தீற்றல் என்பது தூரிகை நுனியால் குத்திக் குத்தி இடுவது. கோடரி வெட்டுத் தீற்றல், தூரிகையைச் சாய்த்துப் பக்கவாட்டில் இழுப்பது. சணல்நார்த் தீற்றல் நீளமாக, தளர்வாக, ஒன்றன்மேல் ஒன்று படியும் கோடுகள். மேகச் சுருள், மடித்த நாடா, மாட்டு மயிர் என்று இன்னும் பல பெயர்கள் உண்டு. இவற்றில் பல பிற்காலத்தில்தான் பட்டியலாக ஒழுங்குபடுத்தப்பட்டன. 1679இல் முதல் பகுதி வெளிவந்த ‘கடுகுவிதைத் தோட்டக் கையேடு’ என்ற அச்சுநூல், கற்றுக்கொள்பவர்களுக்காகத் தீற்றல்களை ஓவியர் பெயரோடு சேர்த்து மரக்கட்டை அச்சில் காட்டியது. அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரே ஓவியர் ஒரே படத்தில் இரண்டு மூன்று வகைகளைக் கலப்பது சாதாரணம்.

ஃபான் குவானையும் குவோ ஷியையும் எப்படி ஒப்பிடுவது? இருவருமே பெரிய மலைதானே வரைந்தார்கள்?

இருவருமே வட சோங் அரச மரபின் காலத்தவர். ஆனாலும் நேரெதிர் ஆட்கள். ஃபான் குவானின் ‘மலை ஓடைகளிடையே பயணிகள்’ கி.பி. 1000ஐ ஒட்டி வரையப்பட்டது. பட்டின் மேல் மை, உயரம் 2 மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் 1 மீட்டருக்குச் சற்று அதிகம். படத்தின் மேல் மூன்றில் இரண்டு பங்கை ஒரே ஒரு செங்குத்து மலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வலப்பக்கப் பிளவில் நூல் போல ஓர் அருவி. மலையடியில் பனி. கீழே, ஒரு விரல்நீளம்கூட இல்லாத கோவேறு கழுதைகளும் இரண்டு ஆட்களும். மலை நம்மை நோக்கி வருகிறதே தவிர, நாம் மலைக்குள் போக வழியே இல்லை. மேற்பரப்பு முழுவதும் மழைத்துளித் தீற்றல், ஆயிரக்கணக்கில். வறண்ட வடமேற்குச் சீனத்தின் பாறையை அறிந்த கை அது. ஃபான் குவான் இன்றைய ஷான்ஷி மாகாணத்துக்காரர், மலைகளிலேயே தங்கி வாழ்ந்தவர் என்று பழைய நூல்கள் சொல்கின்றன.

இந்தப் படத்தில் அவருடைய கையொப்பம் இருப்பதை 1958இல்தான் கண்டுபிடித்தார்கள். கழுதைகளுக்குப் பின்னால், இலைகளுக்கு நடுவே ஒளிந்திருந்தது. அவ்வளவு பெரிய மலையை நிறுத்தியவர் தன் பெயரை வைத்துக்கொண்ட இடம் அது.

குவோ ஷியின் ‘முன்வசந்தம்’ 1072ஆம் ஆண்டுப் படம். ஆண்டும் பெயரும் படத்தின் இடது ஓரத்தில் தெளிவாக எழுதியிருக்கின்றன. ஷென்சோங் பேரரசரின் அரண்மனை ஓவியர் அவர். இங்கே மலை நிமிர்ந்து நிற்பதில்லை, வளைந்து நெளிந்து மேலே ஏறுகிறது. பாறைகள் மேகம் திரண்டது போல உருண்டிருக்கின்றன. மரக்கிளைகள் நண்டின் கால் போலக் கீழ்நோக்கி வளைகின்றன. வெளிக்கோடு எங்கே முடிகிறது, மைப்பூச்சு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி அடுக்கடுக்காக மை ஏறியிருக்கிறது. பனி உருகிக் கசியும் ஒரு காலைப்பொழுது என்று பார்த்தவுடன் தெரியும். ஃபான் குவானின் மலைக்குப் பருவம் என்று ஒன்று தேவைப்படவில்லை. குவோ ஷியிடம் பருவம் இல்லாமல் மலையே இல்லை. வசந்த மலை புன்னகைக்கிறது, குளிர்கால மலை உறங்குகிறது என்பது அவர் பேச்சு. அவருடைய கருத்துகளை மகன் குவோ சி தொகுத்து ஒரு நூலாக்கினார். நடந்து கடக்கத் தக்க மலை, பார்க்கத் தக்க மலை, உலவத் தக்க மலை, குடியிருக்கத் தக்க மலை என்று நான்கு வகை சொல்லி, பின்னிரண்டையே உயர்வாக வைக்கிறது அந்த நூல். ‘முன்வசந்த’த்தில் உள்ளே போகப் படிகள், பாலம், படகு, மலையிடுக்கில் கோயில் எல்லாம் இருப்பது அதனால்தான்.

எது மேல் என்று கேட்டால் நான் குவோ ஷி பக்கம். ஃபான் குவானைப் பார்த்ததும் வாய் பேச்சிழக்கும், உண்மை. ஆனால் ஒரு மணி நேரம் நின்று பார்க்க ‘முன்வசந்த’த்தில்தான் இடம் இருக்கிறது. சோங் அரண்மனையே அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. ஷென்சோங் காலத்தில் சுவரெங்கும் தொங்கிய குவோ ஷியின் பட்டுகள், பிந்தைய ஆட்சியில் கழற்றப்பட்டு மேசை துடைக்கும் துணியாகிவிட்டன என்று பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல் ஒன்று சொல்கிறது.

‘மூன்று தூரம்’ என்று அடிக்கடி சொல்கிறார்களே?

அதுவும் குவோ ஷியின் நூலிலிருந்து வந்ததே. அடிவாரத்திலிருந்து உச்சியை அண்ணாந்து பார்ப்பது உயர் தூரம். முன்மலையிலிருந்து பின்மலைகளின் இடுக்கை எட்டிப் பார்ப்பது ஆழ் தூரம். பக்கத்து மலையிலிருந்து தொலைமலைகளைச் சமமாகப் பார்ப்பது தட்டை தூரம். ஒரே படத்தில் மூன்றையும் வைக்கலாம், ‘முன்வசந்தம்’ அப்படித்தான் வைக்கிறது. ஒரே இடத்தில் நின்ற ஒரு கண்ணுக்குத் தெரியும் காட்சி என்று இவற்றைப் பார்த்தால் தப்பாகத்தான் தெரியும். மேலே போகப் போகக் கண்ணும் மேலே ஏறுகிறது. ஓவியர்களைப் பிரிக்கவும் இது உதவும். ஃபான் குவான் உயர் தூரக்காரர். அவருக்கு முந்தைய லி செங் (919–967) குளிர்கால மரங்களையும் தட்டை தூரத்தையும் வரைந்ததற்குப் பேர்போனவர், குவோ ஷி அவரைப் பின்பற்றியவர். பதினான்காம் நூற்றாண்டின் நி ட்ஸான் வாழ்நாள் பெரும்பகுதியைத் தட்டை தூரத்திலேயே கழித்தார்.

தென்னாட்டு ஓவியர்கள் ஏன் இவ்வளவு மென்மையாகத் தெரிகிறார்கள்?

நிலம் அப்படி. யாங்சிக்குத் தெற்கே, இன்றைய நான்ஜிங் பக்கத்தில், மலைகள் தாழ்ந்தவை, மண் போர்த்தியவை, பச்சை மூடியவை. ஓயாத ஈரப்பதம். பத்தாம் நூற்றாண்டில் தென் டாங் அரசில் பணியாற்றிய டோங் யுவானும் அவரைப் பின்பற்றிய துறவி ஜூரானும் அந்த மலைகளுக்குச் சணல்நார்த் தீற்றலை இட்டார்கள். நீண்ட தளர்ந்த கோடுகள், நடுநடுவே புதர்களுக்கு ஈரமான புள்ளிகள். செங்குத்துப் பாறை கிடையாது, நாடகம் கிடையாது. டோங் யுவானின் படத்தைக் கிட்டத்தில் பார்த்தால் எதுவும் எதையும் போல இல்லை, தள்ளி நின்று பார்த்தால்தான் காட்சி தெளிகிறது என்று சோங் கால அறிஞர் ஷென் குவோ பதினோராம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். பிரெஞ்சு இம்ப்ரெஷனிசத்தைப் பற்றி இதே மாதிரிப் பேச இன்னும் 800 ஆண்டுகள் இருந்தன.

மி ஃபூவும் (1051–1107) அவர் மகன் மி யூரெனும் ஈரத்தை இன்னும் ஒரு படி தள்ளிக்கொண்டு போனார்கள். கிடைமட்டப் புள்ளிகளை மட்டும் அடுக்கி, கோடே இல்லாமல் மேகமலை. மி ஃபூ கையால் வரைந்தது என்று உறுதியாகச் சொல்லத்தக்க நிலக்காட்சி எதுவும் கைக்குக் கிடைக்காததால், அந்தப் பாணியை மகனின் படங்கள் வழியாகத்தான் அறிகிறோம்.

மா யுவான், ஷியா குய் இருவரையும் ஏன் எப்போதும் சேர்த்தே சொல்கிறார்கள்?

‘ஒரு மூலை மா’, ‘அரைப் பக்க ஷியா’ என்று பிற்காலத்தில் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள், அது ஒட்டிக்கொண்டது. இருவருமே ஹாங்ஜோவில், தென் சோங் அரண்மனையில், பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இருந்தவர்கள். இருவருமே கோடரி வெட்டுத் தீற்றல்காரர்கள்.

அந்தத் தீற்றல் அவர்களுக்கு லி டாங்கிடமிருந்து வந்தது. லி டாங் 1124இல் ‘பள்ளத்தாக்குகளில் பைன் காற்று’ வரைந்தபோது தலைநகர் இன்னும் வடக்கே கைஃபெங்தான். படம் முழுவதும் அடைத்துக்கொண்டு நிற்கும் கடினமான பாறை, ஃபான் குவானின் மரபு. தன் பெயரையும் ஆண்டையும் பின்னணியில் உள்ள ஒரு மெல்லிய சிகரத்தின் மேல் எழுதினார். 1127இல் வடகிழக்கிலிருந்து வந்த ஜூர்சென் இனத்தாரிடம் கைஃபெங் விழுந்தது, அரசவை தெற்கே ஓடியது, வயதான லி டாங்கும் தெற்கே வந்து அரண்மனையில் மீண்டும் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்குப் பின் வந்த தலைமுறைகளில் மலை குறைந்தது, வெற்றிடம் கூடியது.

மா யுவானின் படம் கூர்மையானது. பாறையும் பைனும் ஒரு மூலையில், கோணல்மாணலாக நீளும் ஒரு கிளை, அந்தக் கிளை காட்டும் திசையில் ஒன்றுமே இல்லாத வெளி, அதைப் பார்த்தபடி ஓர் ஆள். எங்கே பார்க்க வேண்டும் என்று படமே விரல் நீட்டிச் சொல்லிவிடும். கவித்துவம் உண்டு, ஆனால் கொஞ்சம் திட்டமிட்ட கவித்துவம். ஷியா குய் அப்படிச் சொல்வதில்லை. அவருடைய ‘ஓடைகள், மலைகள், தெளிந்த தொலைக்காட்சி’ கிட்டத்தட்ட 9 மீட்டர் நீளமுள்ள கிடைச்சுருள், அதுவும் தாளில். தண்ணீர் கலந்த மையை வேகமாக இழுத்து, தூரிகை நுனி பிளந்தாலும் அதை அப்படியே விட்டு, சில நொடியில் ஒரு பாறை. அடுத்து ஒரு முழ நீளத்துக்கு வெறும் நீர். பின்னால் ஜப்பானிய மை ஓவியர்களுக்கு ஷியா குய் பெரிய ஆதர்சமானதில் வியப்பில்லை. 1467இல் சீனம் போன செஷ்ஷூவின் படங்களில் அவர் சாயல் அப்பட்டமாகத் தெரியும்.

ஒரு மூலை மட்டும் வரைந்தது பாதி நாட்டை இழந்த துக்கத்தால் என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மா யுவான் தூரிகை பிடித்தபோது கைஃபெங் விழுந்து 60 ஆண்டு கடந்திருந்தது. விசிறிக்கும் ஏட்டுக்கும் வரையும் பழக்கம் பெருகிய காலம் அது. சின்ன இடத்தில் பெரிய மலையை அடைத்தால் படம் செத்துப்போகும் என்பது எந்த ஓவியருக்கும் தெரியும்.

நிறமே கிடையாதா?

உண்டு, நீலப்பச்சை மரபு என்றே தனியாக இருக்கிறது. அசுரைட் நீலமும் மலகைட் பச்சையும், இரண்டுமே அரைத்த கனிமம். அதன் உச்சம் வாங் ஷிமெங்கின் ‘ஆயிரம் லி ஆறும் மலையும்’ (லி என்பது சீன தூர அளவு). 1113, பட்டு, நீளம் கிட்டத்தட்ட 12 மீட்டர், பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரைந்தபோது அவருக்கு வயது 18, ஹுய்சோங் பேரரசரே அவருக்குப் பாடம் சொன்னார் என்பது சுருளின் முடிவில் அமைச்சர் காய் ஜிங் எழுதிய குறிப்பிலிருந்து தெரிகிறது. இது தவிர வாங் ஷிமெங்கின் வேறு படம் எதுவும் இல்லை. சம்பளத்துக்கு இல்லாமல் ஓய்வுக்கு வரைந்த கற்றறிந்தோர் மரபு பின்னாளில் நிறத்தை அலங்காரம் என்று ஒதுக்கியது. அந்த ஒதுக்கல்தான் சீன ஓவியம் என்றால் கறுப்பு வெள்ளை என்ற எண்ணத்தை நமக்குக் கொடுத்தது.

பட்டில் வரைவதற்கும் தாளில் வரைவதற்கும் பாணியில் வித்தியாசம் வருமா?

நிறைய வரும். படிகாரமும் பசையும் ஏற்றிய பட்டு மையை உடனே உறிஞ்சாது, அதனால் நிதானமாக, அடுக்கடுக்காகப் பூசலாம். குவோ ஷியின் பனி அப்படி வந்தது. தாள் வேறு. மை விழுந்த இடத்தில் விழுந்ததுதான், திருத்த முடியாது. காய்ந்த தூரிகையைத் தாளில் தேய்த்தால் தாளின் சொரசொரப்பு கோட்டைத் துண்டு துண்டாக்கிக் காட்டும். மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்து அறிஞர்கள் தாளுக்கு மாறியதும், மலையை விடக் கோடு முக்கியமாகத் தெரிய ஆரம்பித்தது. எழுத்துக்கலையில் ஊறியவர்கள் அவர்கள், கோட்டுக்குக் கோடாகவே மதிப்பு உண்டு என்று நினைத்தவர்கள்.

‘யுவான் நால்வர்’ என்பவர்கள் யார்? நால்வரும் ஒரே பாணியா?

ஹுவாங் கோங்வாங் (1269–1354), வூ ஜென் (1280–1354), நி ட்ஸான் (1301–1374), வாங் மெங் (1308–1385). மங்கோலியர் ஆட்சிக் காலம். நால்வருக்கும் டோங் யுவான், ஜூரான் மீது பற்று. இவ்வளவுதான் பொதுவானது. ஒரே பாடத்தைப் படித்த நாலு பேர் எவ்வளவு விலகிப் போக முடியும் என்று பார்க்க இவர்களைவிட நல்ல இடம் கிடையாது.

ஹுவாங் கோங்வாங் கீழ்நிலை அதிகாரியாக இருந்து, சிறை போய்வந்து, தாவோ சமயத்தில் சேர்ந்து, மிகத் தாமதமாக வரைய வந்தவர். அவர் கோடு அவசரப்படாது. ‘ஃபூச்சுன் மலைவாழ்வு’ சுருளை எண்பது வயதை ஒட்டி வரைந்தார். தோன்றியபோது கொஞ்சம், பிறகு விட்டுவிட்டு வேறு நாள் கொஞ்சம், இப்படி மூன்று நான்கு ஆண்டு ஆகியும் முடியவில்லை என்று 1350இல் அதிலேயே எழுதினார். முதலில் வெளிர் மையில் இட்ட கோட்டின் மேல், பிறகு அழுத்தமாக இட்ட கோடு இரண்டும் தெரியும்படி விட்டிருக்கிறார். படம் உருவான வரிசையையே பார்க்கலாம்.

நி ட்ஸான் அவருக்கு நேர்மாறு. ஊஷியில் பெருஞ்செல்வக் குடும்பம், பிறகு சொத்தை உதறிவிட்டு டாய் ஏரிப் பக்கம் படகிலும் நண்பர் வீடுகளிலும் அலைந்தார். தோட்டத்து மரத்தைக் கழுவச் சொல்லும் அளவுக்குச் சுத்தம் பார்ப்பவர் என்று கதைகள் உண்டு. படமும் கழுவித் துடைத்தது போலத்தான். கீழே ஒரு கரை, அதில் நாலைந்து மெலிந்த மரம், ஆளில்லாத ஒரு மண்டபம், நடுவே பரந்த நீர், அதாவது வெறும் தாள், மேலே தாழ்ந்த குன்றுகள். 1372இல் வரைந்த ‘ரோங்ஷி அறை’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மடித்த நாடாத் தீற்றல், தண்ணீர் வற்றிய தூரிகை, மையை இவ்வளவு கஞ்சத்தனமாகச் செலவழித்தவர் வேறு யாரும் இல்லை. இதே அமைப்பைத் திரும்பத் திரும்ப வரைந்தார். யுவானுக்கு அடுத்து வந்த மிங் காலத்தில் ஒரு வீட்டில் நி ட்ஸான் படம் இருக்கிறதா என்பதை வைத்தே அந்த வீட்டின் ரசனையை அளந்தார்களாம். போலிகள் குவிந்ததற்கு வேறு காரணம் வேண்டுமா?

வாங் மெங்கை வெற்றிடமே பிடிக்காதவர் என்று சொல்லலாம். 1366இல் வரைந்த ‘ச்சிங்பியான் மலைவாசம்’ ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரமும் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உள்ள தாள். அதற்குள் மலை முறுக்கிக்கொண்டு, திமிறிக்கொண்டு, மூச்சுவிட இடமில்லாமல் ஏறுகிறது. மாட்டு மயிர் போன்ற நுண்கோடுகளின் மேல் கோடுகள், அதன்மேல் புள்ளிகள். அது அவருடைய சொந்த ஊர்ப் பக்கத்து மலை, அந்த ஆண்டு அந்தப் பகுதி போர்க்களம். ஓர் அடைக்கலம் போல வரையத் தொடங்கி, அமைதி கிடைக்காமல் முடித்த படம் என்றே எனக்குத் தோன்றும். பின்னாளில் மிங் அரசில் பதவி ஏற்று, பிரதம அமைச்சர் ஹூ வெய்யோங் வழக்கில் சிக்கிச் சிறையிலேயே இறந்தார். நால்வரில் ஹுவாங்கையும் நியையும் புகழ்ந்த அளவுக்கு வாங் மெங்கைப் புகழவில்லை என்பது என் மனக்குறை.

வூ ஜென் அமைதியானவர். நனைந்த தூரிகை, மழுங்கிய கோடு, மீனவர் படகு.

‘ஃபூச்சுன்’ சுருள் எரிந்தது உண்மையா?

உண்மை. அதை வைத்திருந்த வூ ஹோங்யூ 1650இல் மரணப் படுக்கையில் அதைத் தன்னோடு எரிக்கச் சொன்னார். உறவினர் ஒருவர் தீயிலிருந்து இழுத்தெடுத்தார், ஆனால் சுருள் இரண்டானது. அரை மீட்டரே உள்ள முன்துண்டு ஹாங்ஜோவில் ஜெஜியாங் மாகாண அருங்காட்சியகத்திலும், 6 மீட்டருக்கு மேலான மீதி தைபேயிலும் இருக்கின்றன. 2011இல் தைபேயில் இரண்டையும் சேர்த்துக் காட்டினார்கள். இடையில் ச்சியான்லோங் பேரரசர் ஒரு நகலை அசல் என்று நம்பி அதன் வெற்றிடமெல்லாம் கவிதையும் குறிப்புமாக எழுதித் தள்ளினார். அடுத்த ஆண்டே அசல் வந்து சேர்ந்தபோது அதை நகல் என்று தீர்ப்பளித்தார். அந்தத் தவறால் அசல் படம் அவர் எழுத்திலிருந்து தப்பித்தது.

வடக்குப் பள்ளி, தெற்குப் பள்ளி என்பது ஊரை வைத்தா?

இல்லை. மிங் காலக் கடைசியில் டோங் ச்சிசாங் (1555–1636) பரப்பிய பிரிவினை அது. சான் (ஜப்பானில் ஜென்) பௌத்தத்தில் படிப்படியான ஞானம், திடீர் ஞானம் என்று வடக்கு, தெற்கு இருந்ததல்லவா, அதை ஓவியத்துக்கு எடுத்தார். சோங்குக்கு முந்தைய டாங் காலக் கவிஞர் வாங் வெய்யில் தொடங்கி டோங் யுவான், யுவான் நால்வர் வழியாக வந்த அறிஞர்கள் தெற்கு. நீலப்பச்சை வரைந்த லி சிஷுனில் தொடங்கி லி டாங், மா யுவான், ஷியா குய் வரையான தொழில்முறை ஓவியர்கள் வடக்கு. ஹாங்ஜோவில் வாழ்ந்தவர்கள் ‘வடக்கு’ ஆனது இப்படித்தான். சொல்லவே வேண்டாம், டோங் ச்சிசாங் தன்னைத் தெற்கில் சேர்த்துக்கொண்டார்.

இந்தப் பிரிவு பாணியைப் பற்றியது என்பதைவிட அந்தஸ்தைப் பற்றியது. சம்பளத்துக்கு வரைபவன் தாழ்ந்தவன், ஓய்வுக்கு வரைபவன் உயர்ந்தவன். இதை வைத்து ஷியா குய்யை ஒதுக்கியது அநியாயம். ஆனால் டோங் ச்சிசாங்கை வெறும் பட்டியல்காரர் என்று தள்ளிவிடவும் முடியாது. கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் அவர் 1617இல் வரைந்த ‘ச்சிங்பியான் மலை’ இருக்கிறது. வாங் மெங் வரைந்த அதே மலை, 251 ஆண்டு கழித்து. டோங் யுவானைப் பின்பற்றியது என்று அதில் எழுதுகிறார். பார்த்தால் யாரையும் பின்பற்றியதாகத் தெரியாது. நிலத்தளங்கள் சாய்ந்து, ஒன்றின் மேல் ஒன்று சறுக்கி, நடக்கவே முடியாத மலை அது. வாங் மெங்கின் மலையில் பயம் இருக்கிறது. டோங்கின் மலையில் பயமும் இல்லை, வானிலையும் இல்லை. கோடுகளையும் கட்டிகளையும் எப்படி எடை நிறுத்துவது என்ற ஒரே கவலைதான். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 250 ஆண்டில் மலையைப் பார்த்து வரைவது படத்தைப் பார்த்து வரைவதாக மாறிய கதை முழுவதும் புரிந்துவிடும்.

பழையவர்களைப் பார்த்து வரைந்தால் அது நகல்தானே?

‘இன்னாரின் பாணியில்’ என்று ஓரத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு பாடுவதற்கும் ஒருவர் பாடியதை ஒப்பிப்பதற்கும் உள்ள தூரம் இங்கேயும் உண்டு. மிங்குக்கு அடுத்து வந்த சிங் காலத் தொடக்கத்தில், வாங் என்ற குடும்பப்பெயர் கொண்ட நான்கு ஓவியர்களான ‘நான்கு வாங்’களை ஒப்பிப்பவர்கள் என்றே இருபதாம் நூற்றாண்டு ஏசியது. வாங் ஹுய் (1632–1717) யுவான் தூரிகையால் சோங் மலைகளை அசைத்து அதில் டாங் உயிர்மூச்சை ஊட்ட வேண்டும் என்றவர். எல்லாப் பாணியும் கைவந்த இவரைத்தான் காங்ஷி பேரரசரின் தென்திசைப் பயணத்தை 12 சுருள்களில் வரையும் வேலைக்குத் தலைமை தாங்க அழைத்தார்கள். வாங் யுவான்ச்சி (1642–1715) வேறு ஆள். ஹுவாங் கோங்வாங்கை வைத்துத் தொடங்கி, கட்டிகளை அடுக்கி, நிறத்தையும் மையையும் ஒன்றோடொன்று பின்னி, டோங் ச்சிசாங் விட்ட இடத்திலிருந்து மேலே போனார். இவரைச் சலிப்பு என்பவர்கள் சின்ன அச்சுப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் என்பது என் சந்தேகம்.

எதிர்ப்பக்கம் ஷிதாவ் (1642–1707). மிங் அரச குலத்தில் பிறந்து, குடும்பம் அழிந்து, துறவியாகி அலைந்தவர். பழையவர்களின் தாடி என் முகத்தில் முளைக்காது என்றவர். ஒரே ஏட்டில் ஒரு பக்கம் நூலிழைக் கோடு, அடுத்த பக்கம் தெறித்த மை. அவர் 1685இல் வரைந்த ‘பத்தாயிரம் அசிங்கமான மைப்புள்ளிகள்’ என்ற சுருளில் பெயருக்கேற்பப் புள்ளிகளே மலையை விழுங்குகின்றன. மரபுக்காரர் வாங் யுவான்ச்சி, கலகக்காரர் ஷிதாவ் என்று இருவரையும் எதிரெதிரே நிறுத்துவது பாடநூல்களின் வழக்கம். ஆனால் 1691இல் ஷிதாவ் வரைந்த மூங்கிலுக்கும் ஆர்க்கிட்டுக்கும் பாறை வரைந்து சேர்த்தவர் அதே வாங் யுவான்ச்சிதான்.

ஹுவாங்ஷான் மலையை வரைந்தவர்களில் யாரைப் பார்க்கலாம்?

ஷிதாவையும் ஹொங்ரெனையும் (1610–1664) சேர்த்துப் பாருங்கள். ஹொங்ரென் நி ட்ஸானின் வறண்ட கோட்டை எடுத்து, கருங்கல் மலைக்குப் பொருத்தியவர். தீற்றல் அநேகமாக இல்லை, வெறும் கோண வெளிக்கோடுகள், நடுவே வெள்ளை. ஷிதாவின் ஹுவாங்ஷானில் மேகம் கொதிக்கும், ஹொங்ரெனுடையதில் காற்றே இருக்காது. அதே தலைமுறையில் நான்ஜிங்கில் கோங் ஷியான் மையை ஏழெட்டு முறை ஏற்றி, பகலா இரவா என்று தெரியாத மலைகளை வரைந்துகொண்டிருந்தார். சூரிச் ரீட்பெர்க் அருங்காட்சியகத்தில் உள்ள ‘ஆயிரம் சிகரம், பத்தாயிரம் பள்ளத்தாக்கு’ அதில் மிகக் கனத்தது.

படத்தின் மேல் ஏன் இவ்வளவு எழுத்தும் சிவப்பு முத்திரையும்?

ஓவியர் எழுதியது சில, அவர் நண்பர்கள் எழுதியது சில, பிறகு வைத்திருந்தவர்கள் குத்தியது பல. சோங் ஓவியர்கள் பலர் கையொப்பத்தை ஒளித்தார்கள். யுவானுக்குப் பிறகு கவிதையும் படத்தின் அமைப்பில் ஓர் உறுப்பு. நி ட்ஸானின் மேல் மூலை எழுத்தை மறைத்துப் பாருங்கள், படம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

பெயர் போட்டிருப்பதை எந்த அளவுக்கு நம்பலாம்?

பத்தாம் நூற்றாண்டுப் பெயர்களில் மிக எச்சரிக்கை தேவை. டோங் யுவானுடையவை எனப்படும் படங்களில் பெரும்பாலானவை பிற்காலத்தவர் ஊகித்துச் சூட்டிய பெயர்கள். பெய்ஜிங்கில் உள்ள ‘ஷியாவ், ஷியாங் ஆறுகள்’ சுருளை அவருடையது என்று அடையாளம் சொன்னவரே டோங் ச்சிசாங்தான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ‘ஆற்றங்கரை’ பத்தாம் நூற்றாண்டுச் செல்வம் என்று ஒரு சாராரும், இருபதாம் நூற்றாண்டு ஓவியர் ஜாங் தாச்சியானின் கைவேலை என்று கலை வரலாற்றாளர் ஜேம்ஸ் கேஹில் உள்ளிட்டோரும் 1999இல் அங்கேயே நடந்த கருத்தரங்கில் மோதிக்கொண்டார்கள். ஜாங் தாச்சியான் மீது சந்தேகம் விழக் காரணம் உண்டு. அவர் வரைந்த ‘ஷிதாவ்’கள் கைதேர்ந்த சேகரிப்பாளர்களையே ஏமாற்றியவை.

நேரில் போகாமல் எங்கே பார்க்கலாம்?

‘பயணிகள்’, ‘முன்வசந்தம்’, ‘பைன் காற்று’, ‘ரோங்ஷி அறை’, ஷியா குய்யின் நீளச் சுருள் எல்லாமே தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில். உள்நாட்டுப் போரின் முடிவில், 1948–49இல், கப்பலேறி அங்கே போனவை. நேரில் போனாலும் பார்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், பழைய பட்டை வெளிச்சத்தில் சில வாரங்களுக்கு மேல் வைக்க மாட்டார்கள், பிறகு ஆண்டுக்கணக்கில் பெட்டிக்குள் ஓய்வு. அதன் இணையதளத்திலும், மெட்ரோபாலிட்டன், கிளீவ்லாந்து தளங்களிலும் பெரிய அளவுப் படங்கள் இலவசம். குவோ ஷியின் ‘முதுமரங்கள், தட்டை தூரம்’ மெட்ரோபாலிட்டனில் கிடைக்கும்.

திரையில் பார்க்கும்போது அளவுக் குறிப்பை முதலில் படித்துவிடுங்கள். ஃபான் குவானின் இரண்டு மீட்டரும் நி ட்ஸானின் முக்கால் மீட்டரும் கைபேசியில் ஒரே உயரம். கிடைச்சுருளை முழுதாகச் சுருக்கிப் பார்க்காமல், வலது முனையில் பெரிதாக்கிக்கொண்டு மெல்ல இடப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு கையால் விரித்து மறு கையால் சுருட்டி, ஒரு நேரத்தில் கையகலத் தூரம் மட்டும் பார்க்கத்தான் அவற்றை வரைந்தார்கள். ஷியா குய்யின் வெறும் தண்ணீர் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது அப்படி நகர்த்தினால்தான் தெரியும்.